ஒருவன் சொன்ன சொல்!
பாகவதரும் கலைவாணரும் சிறை சென்ற கொலை வழக்கு

1944-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி. காலை நேரம்.

சென்னை வேப்பேரியில் ஒரு கை ரிக்‌ஷா போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்தவர், தம் வக்கீலைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

திடீரென்று சிலர் ரிக்‌ஷாவை வழிமறித்தார்கள். கத்தி பாய்ந்தது. குத்தியவர்கள் ஓடி மறைந்தார்கள்.

குத்துப்பட்டவர் அங்கேயே விழுந்துவிடவில்லை. எழுந்தார். வக்கீல் வீட்டுக்கே திரும்பிப் போனார். அங்கிருந்து அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போகும் வழியில், "முதலில் போலீசுக்குச் சொல்ல வேண்டும்" என்று வேப்பேரி போலீஸ் ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தச் செய்தார். புகார் கொடுத்தார். பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

பிழைத்துவிடுவார் என்றே தோன்றியது. ஆனால் மறுநாள், 9-ந் தேதி விடியற்காலையில், அவர் இறந்துபோனார்.

அவர் பெயர் சி.என்.லட்சுமிகாந்தன்.

ஏழு வாரங்கள் கழித்து, இந்தக் கொலைக்காகப் போலீசார் கைது செய்தவர்களின் பெயரைக் கேட்டதும் தமிழ்நாடே திடுக்கிட்டது. ஒருவர் எம்.கே.தியாகராஜ பாகவதர். இன்னொருவர் என்.எஸ்.கிருஷ்ணன். மூன்றாவது, கோவையைச் சேர்ந்த படமுதலாளியும் டைரக்டருமான எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு.

கோவை நட்சத்திரங்கள்

கொலை நடந்தது சென்னையில். ஆனாலும் கோவை, காரமடை, மேட்டுப்பாளையம் பக்கத்து மக்களுக்கு இது ஏதோ தூரத்து ஊர்ச் சங்கதி அல்ல.

அந்த நாளில் கோயம்புத்தூர் ஒரு சினிமா ஊர். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கட்டிய வெரைட்டி ஹால் தியேட்டர் அங்கேதான் இருந்தது. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. பாகவதரும் கிருஷ்ணனும் நடிக்க, ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த "சிவகவி" படம் 1943-ல் கோவையில் உருவானதுதான். "ஹரிதாஸ்" படமும் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவிலேயே எடுக்கப்பட்டது.

"ஹரிதாஸ்" 1944 தீபாவளிக்கு வெளிவந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் நடித்த பாகவதரும் கிருஷ்ணனும் ஜெயிலில் இருந்தார்கள்!

கைதானபோது பாகவதருக்கு வயது 34. கிருஷ்ணனுக்கு 36. புகழின் உச்சியில் இருந்த நேரம் அது.

யார் இந்த லட்சுமிகாந்தன்?

லட்சுமிகாந்தன் பத்திரிகை நடத்தியவர். 1943-ல் "சினிமா தூது" என்ற பத்திரிகையைத் தொடங்கினார். நடிகர், நடிகைகளின் சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கிசுகிசு எழுதுவதுதான் அந்தப் பத்திரிகையின் வேலை. இப்படிப்பட்ட ஏடுகளை மக்கள் "மஞ்சள் பத்திரிகை" என்பார்கள். திட்டிக்கொண்டே வாங்கிப் படிப்பார்கள்!

அது யுத்த காலம். காகிதத்துக்குக் கடுமையான தட்டுப்பாடு. சர்க்காரின் அனுமதி இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது. சினிமாக்காரர்கள் சிலர் சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். "சினிமா தூது" நின்றது.

லட்சுமிகாந்தன் சும்மா இருக்கவில்லை. "இந்து நேசன்" என்ற பெயரில் மறுபடியும் எழுதத் தொடங்கினார். சினிமாக்காரர்களோடு ஊர்ப் பெரிய மனிதர்கள் பலரையும் அதில் எழுதினார்.

ஆகவே, அவருக்கு விரோதிகள் பலர் இருந்தார்கள். 1944 அக்டோபரிலேயே அவர்மீது ஒரு தாக்குதல் நடந்திருந்தது. அதற்கு அடுத்த மாதம் உயிரே போய்விட்டது.

எழுதியது தவறு என்றால் அதற்குக் கோர்ட்டு இருக்கிறது. அவதூறு வழக்குப் போடலாம். கத்தியால் குத்திக் கொல்வதை எந்தச் சட்டமும் ஏற்காது. லட்சுமிகாந்தன் எப்படிப்பட்டவராக இருந்தாலும், அவரைக் கொன்றது கொலைதான்.

ஆனால் கொன்றது யார்? கொல்லச் சொன்னது யார்?

சதி என்றால் என்ன?

பாகவதரோ கிருஷ்ணனோ கத்தி எடுத்துக் குத்தினார்கள் என்று போலீசார் சொல்லவில்லை. "குத்தியவர்கள் வேறு. பின்னால் இருந்து ஏற்பாடு செய்தவர்கள் இவர்கள். எல்லோரும் சேர்ந்து சதி செய்தார்கள்" என்பதே குற்றச்சாட்டு.

இரண்டு பேரோ, அதற்கு மேற்பட்டவர்களோ கூடி, ஒரு குற்றத்தைச் செய்யலாம் என்று முடிவு செய்தால் அது சதி. கொலை நடந்த இடத்தில் ஒருவர் இல்லாவிட்டாலும் சதியில் பங்கு இருந்தால் தண்டனை உண்டு.

சதியைக் கோர்ட்டில் நிரூபிப்பது எளிதல்ல. கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவர்கள் சாட்சி வைத்துக்கொண்டு பேசுவதில்லை. அதனால் இப்படிப்பட்ட வழக்குகளில் போலீசார் கூட்டத்துக்குள் இருந்தே ஒருவரைத் தேடுவார்கள். "நீ நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொல். உனக்கு மன்னிப்பு" என்று கோர்ட்டு மூலம் உறுதி கொடுப்பார்கள். இப்படி மாறிய குற்றவாளிக்குத்தான் "அப்ரூவர்" என்று பெயர்.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கிலும் கைதானவர்களில் ஒருவர் அப்ரூவராக மாறினார். நட்சத்திரங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது அவருடைய சாட்சியம்தான்.

ஒன்பது ஜூரிகள்

1945-ல் சென்னை ஹைகோர்ட்டில் வழக்கு விசாரணை நடந்தது. நீதிபதி மாக்கெட் விசாரித்தார். அவருக்கு உதவியாக ஒன்பது ஜூரிகள் இருந்தார்கள்.

ஜூரி என்பவர் நீதிபதி அல்ல, வக்கீலும் அல்ல. பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். இரு தரப்புச் சாட்சியங்களையும் ஜூரிகள் கேட்பார்கள். "குற்றவாளியா, இல்லையா?" என்பதை அவர்கள் சொல்ல வேண்டும். ஹைகோர்ட்டில் ஒன்பது பேரும் ஒரே முடிவுக்கு வராவிட்டால், ஆறு பேராவது ஒரு பக்கம் இருக்க வேண்டும். நீதிபதியும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது அதுவே தீர்ப்பு.

சர்க்கார் தரப்பில் பி.கோவிந்த மேனன் வாதாடினார். ஜப்பானியத் தலைவர்கள்மீது டோக்கியோவில் நடந்த யுத்தக் குற்ற வழக்கில் பின்னாளில் இந்தியாவின் சார்பில் வாதாடப் போனவர் இவர். 1956-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியும் ஆனார்.

எதிர்த் தரப்பிலும் பெரிய வக்கீல்கள் நின்றார்கள். ஸ்ரீராமுலு நாயுடுவுக்காக பம்பாயிலிருந்து கே.எம்.முன்ஷி வந்தார். வக்கீல் தொழிலோடு, குஜராத்தி மொழியில் நாவல் எழுதிப் புகழ் பெற்றவர் முன்ஷி.

1945 மே 3-ந் தேதி தீர்ப்பு வந்தது.

ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை!

பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று ஜூரிகளில் பெரும்பான்மையோர் சொன்னார்கள். நீதிபதி அதை ஏற்றார். ஆயுள் முழுவதும் தீவாந்தர தண்டனை விதித்தார்.

தீவாந்தரம் என்றால் அந்தமானுக்கு அனுப்புவது. ஆனால் அப்போது அந்தமான் தீவு ஜப்பானியர் கையில் இருந்தது. இருவரும் இங்கேயே ஜெயிலில் அடைக்கப்பட்டார்கள்.

பாகவதரை வைத்துப் படம் எடுக்க ஒப்பந்தம் செய்திருந்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ராஜா போல வாழ்ந்தவர் கைதி உடையில் நின்றார்.

மதுரத்தின் போராட்டம்

கிருஷ்ணனின் மனைவி டி.ஏ.மதுரம். சினிமாவிலும் அவருக்கு ஜோடியாக நடித்தவர். கணவர் ஜெயிலுக்குப் போனதும் மதுரம் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. அப்பீல் நடத்தப் பணம் வேண்டும். நாடகக் குழுவைக் காப்பாற்ற வேண்டும்.

சிங்காநல்லூரில் பிறந்த நடிகர் எஸ்.வி.சகஸ்ரநாமம் துணைக்கு நின்றார். "பைத்தியக்காரன்" என்ற நாடகத்தைப் படமாக எடுத்தார்கள். வழக்குச் செலவுக்குப் பணம் சேர்க்க வேண்டும் என்பதும் அந்தப் படத்தின் நோக்கங்களில் ஒன்று. 1947-ல் படம் வெளிவந்தபோது அதில் கிருஷ்ணனும் நடித்திருந்தார்.

அது எப்படி? அதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார்!

ஒரு புதிய சட்டம்

இந்த வழக்கில் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

1943-க்கு முன்பு, சென்னை ஹைகோர்ட்டில் ஜூரிகள் முன் நடந்த வழக்கில் தண்டனை பெற்றவர், "சாட்சியம் பொய், நடந்த உண்மையை மறுபடி ஆராயுங்கள்" என்று அப்பீல் செய்ய வழி இல்லை. சட்டப் பிரச்சினை ஏதாவது இருந்தால் மட்டும் ஒரு சிறிய சந்து திறந்திருந்தது. ஜில்லா செஷன்ஸ் கோர்ட்டில் தண்டனை பெற்ற குடியானவனுக்கு இருந்த அப்பீல் உரிமைகூட, ஹைகோர்ட்டில் தண்டனை பெற்றவனுக்கு இல்லை!

1943-ல்தான் இந்தக் குறையை நீக்க, குற்ற விசாரணைச் சட்டத்தில் 411-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தார்கள். கோர்ட்டின் அனுமதி பெற்று, உண்மைகளைப் பற்றியும் அப்பீல் செய்யலாம் என்றது அந்தப் பிரிவு.

லட்சுமிகாந்தன் கொலை நடந்தது 1944-ல். இரண்டு வருஷம் முன்னால் நடந்திருந்தால், அந்தக் கதவு திறந்திருக்காது.

ஆனால் கதவு திறந்தும் முதலில் பலன் கிடைக்கவில்லை. தலைமை நீதிபதி லயனல் லீச் அடங்கிய பெஞ்சு 1945 அக்டோபரில் அப்பீலைத் தள்ளிவிட்டது.

லண்டன் வரை

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வழக்குகளுக்குச் சென்னை ஹைகோர்ட்டுக்கு மேல் ஒரே ஒரு இடம்தான் உண்டு. அது லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். கடல் கடந்து அங்கே வக்கீல் வைக்க வேண்டும். ஏழைக் கைதி ஒருவன் அதைக் கனவிலும் நினைக்க முடியாது.

பாகவதரும் கிருஷ்ணனும் லண்டனுக்கு அப்பீல் செய்தார்கள். டி.என்.பிரிட் என்ற பேர்பெற்ற ஆங்கில வக்கீல் அவர்களுக்காக வாதாடினார். இந்திய சுதந்திரப் போராட்டக்காரர்களுக்காக வாதாடிய வெள்ளைக்காரர் அவர்.

பிரிவி கவுன்சில் இவர்களை விடுதலை செய்யவில்லை. ஆனால் அதற்குச் சமமான ஒன்றைச் செய்தது. "ஜூரிகள் சொல்லிவிட்டார்கள் என்பதற்காக, உண்மைகளை ஆராயாமல் விட்டுவிடக் கூடாது. அப்பீல் கோர்ட்டுக்கு அந்த அதிகாரம் உண்டு. வழக்கை மறுபடி விசாரியுங்கள்" என்ற கருத்தில் உத்தரவு போட்டு, சென்னைக்கே திருப்பி அனுப்பியது.

இந்த முறை நீதிபதிகள் ஹாப்பெல், ஷகாபுதீன் இருவரும் விசாரித்தார்கள். கிருஷ்ணனுக்காக வி.எல்.எத்திராஜ் எழுந்தார். சென்னை மாகாணத்தில் சர்க்கார் வக்கீலாக இருந்த முதல் இந்தியர் எத்திராஜ்தான். குற்றவாளிகளைத் தண்டிக்கும்படி வாதாடிப் பழகியவருக்கு, சர்க்கார் தரப்பின் பலவீனம் எங்கே இருக்கும் என்று தெரியாதா? சென்னையில் இன்றும் அவர் பெயரால் பெண்கள் கல்லூரி நடக்கிறது. 1948-ல் அதைத் தொடங்கியவரும் அவரே.

மாடு திருடிய கதை

கோர்ட்டில் எழுந்த முக்கியமான கேள்வி இது: அப்ரூவரின் சொல்லை எவ்வளவு நம்பலாம்?

இதை ஓர் உதாரணத்தால் எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

காரமடைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இரவில் ஒரு ஜோடிக் காளை திருடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு திருடன் பிடிபடுகிறான். "கட்டுத்தரையில் கயிற்றை அறுத்தோம். நாய் குரைத்தது. வேலியைப் பிரித்து மாட்டை வெளியே ஓட்டினோம்" என்கிறான். போய்ப் பார்த்தால் கயிறு அறுந்திருக்கிறது. வேலி பிரிந்திருக்கிறது. அவன் சொன்னது அத்தனையும் சரி!

அதோடு அவன், "பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் எங்களை ஏவினார்" என்றும் சொல்கிறான்.

இப்போது, அறுந்த கயிறு எதைக் காட்டுகிறது? இவன் அங்கே போனான் என்பதைக் காட்டுகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏவினார் என்பதைக் காட்டுகிறதா? இல்லை.

திருடியவனுக்குத் திருட்டு விவரம் எல்லாம் தெரியும். ஒன்பது உண்மைகளோடு ஒரு பொய்யைச் சேர்த்துச் சொல்வது அவனுக்குச் சுலபம். தான் தப்ப வேண்டும் என்ற ஆசையும் அவனுக்கு உண்டு. ஆகவே, திருட்டு நடந்தது என்பதற்கு ஆதாரம் இருந்தால் போதாது. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு அதில் பங்கு உண்டு என்பதற்கு, வேறு நம்பகமான ஆதாரம் தனியாக வேண்டும்.

சென்னை ஹைகோர்ட்டில் வக்கீல்கள் இந்த இடத்தில்தான் அடித்தார்கள். கடைசியில் நீதிபதிகளும் அப்ரூவரின் சாட்சியத்தை வைத்து இந்த இருவரையும் தண்டிக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

1947 ஏப்ரல் 25-ந் தேதி பாகவதரும் கிருஷ்ணனும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்யப்பட்டார்கள். நாடு சுதந்திரம் அடைய இன்னும் நாலு மாதம்கூட இல்லை.

விடுதலைக்குப் பிறகு

விடுதலை கிடைத்தது. இழந்த காலம் கிடைக்குமா?

பாகவதர் மறுபடியும் நடித்தார். "ராஜமுக்தி", "அமரகவி", "சியாமளா" என்று படங்கள் வந்தன. பழைய வெற்றி திரும்பவில்லை. 1959 நவம்பர் 1-ந் தேதி, 49 வயதில் அவர் காலமானார்.

கிருஷ்ணன் ஓரளவு எழுந்து நின்றார். "கலைவாணர்" என்று நாடு கொண்டாடியது. "நல்லதம்பி", "மணமகள்" போன்ற படங்கள் தந்தார். கையில் இருந்ததை எல்லாம் இல்லாதவர்களுக்குக் கொடுத்தார். 1957 ஆகஸ்டு 30-ந் தேதி, 48 வயதில் அவரும் மறைந்தார்.

முன்னதாகவே விடுதலை பெற்ற ஸ்ரீராமுலு நாயுடு கோவைக்குத் திரும்பினார். பட்சிராஜா ஸ்டூடியோவை நடத்தினார். எம்.ஜி.ஆர். நடித்த "மலைக்கள்ளன்" படத்தை 1954-ல் எடுத்து, ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அதே கதையை "ஆசாத்" என்ற பெயரில் இந்தியில் திலீப்குமாரை வைத்து எடுத்தார். அதுவும் வெற்றி.

மூவரும் ஒரே வழக்கில் சிக்கியவர்கள். ஆரம்பத்திலேயே விடுதலை பெற்றவர் உயர்ந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஜெயிலில் இருந்த பாகவதரின் வாழ்வு அதோடு சரிந்தது. தாமதமாக வரும் நீதிக்கும் காலத்தோடு வரும் நீதிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இறந்துபோன லட்சுமிகாந்தனுக்கும் முழு நீதி கிடைக்கவில்லை. அவர் கொலைக்குப் பின்னால் இருந்தது யார் என்பது கடைசி வரை தெளிவாகவே இல்லை.

இன்று என்ன நிலைமை?

இன்று ஜூரி முறை இல்லை. 1959-ல் பம்பாயில் நடந்த கடற்படை அதிகாரி நானாவதி வழக்கில், ஜூரிகள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் "குற்றவாளி இல்லை" என்றார்கள். நீதிபதி அதை ஏற்க மறுத்து ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். ஹைகோர்ட்டு நானாவதிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1961-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 1973-ம் ஆண்டுக் குற்ற விசாரணைச் சட்டத்தில் ஜூரிகளுக்கு இடமே இல்லாமல் போயிற்று.

லண்டனுக்குப் போக வேண்டிய அவசியமும் 1949-ல் தீர்ந்தது. மறு ஆண்டு டெல்லியில் சுப்ரீம் கோர்ட்டு ஏற்பட்டது.

அப்ரூவர் முறை மட்டும் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் வாசகம் மாறிவிட்டது. 1872-ம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இரண்டு விதமாகப் பேசியது. கூட்டாளியின் சொல்லுக்கு வேறு ஆதாரம் இல்லாமல் தண்டித்தாலும் அது சட்டவிரோதம் ஆகாது என்று ஒரு பிரிவு சொன்னது. ஆதாரம் இல்லாவிட்டால் அவனை நம்பத் தகாதவன் என்று கோர்ட்டு கருதலாம் என்று இன்னொரு பிரிவு சொன்னது. நீதிபதிகள் இரண்டையும் சேர்த்துப் படித்து, வேறு ஆதாரத்தைத் தேடுவதையே வழக்கமாகக் கொண்டார்கள். 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய பாரதிய சாட்சியச் சட்டத்தின் 138-வது பிரிவு, வேறு ஆதாரத்தால் உறுதியாகும் கூட்டாளிச் சாட்சியத்தையே தண்டனைக்கு அடிப்படையாகச் சொல்கிறது.

பணம் இல்லாதவர் என்ன செய்வார்?

பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் எத்திராஜ் கிடைத்தார். லண்டனில் பிரிட் கிடைத்தார். அன்று ஒரு கூலிக்காரர் இப்படிப் பொய் வழக்கில் சிக்கியிருந்தால், ஆயுள் முழுவதும் ஜெயிலிலேயே கழித்திருப்பார்.

அந்த நிலை மாற வேண்டும் என்றுதான், ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி தரவேண்டும் என்று 1976-ல் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். அதற்கான 1987-ம் ஆண்டுச் சட்டம், 1995 நவம்பர் 9-ந் தேதி அமலுக்கு வந்தது. ஜில்லாக் கோர்ட்டிலும் தாலுகாவிலும் சட்டப் பணிகள் குழுக்கள் இருக்கின்றன. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தும் உதவி கேட்கலாம்.

வீட்டில் ஒருவர்மீது வழக்கு வந்துவிட்டால் பயந்து ஒளிய வேண்டாம். நிலத்தை அடகு வைத்து, புரோக்கர்களிடம் பணத்தைக் கொட்டவும் வேண்டாம். வக்கீல் கேட்பது உரிமை. அப்பீல் கேட்பதும் உரிமை.

ஒருவன் சொன்ன சொல்லால் இரண்டு பேர் ஜெயிலுக்குப் போனார்கள். அந்தச் சொல்லை ஒழுங்காக நிறுத்துப் பார்க்க ஒரு கோர்ட்டு உட்கார்ந்ததால் வெளியே வந்தார்கள். அப்படி நிறுத்துப் பார்க்கும் தராசு, பாகவதருக்கும் வேண்டும், பாமரனுக்கும் வேண்டும்.